நேபாள மலைக்கிராமத்து மகளிர் கூடங்களில் தன்னார்வப் பணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொக்ராவைச் சுற்றியுள்ள காஸ்கி, ஸ்யாங்ஜா, தனஹுன், லம்ஜுங், கோர்க்கா மாவட்டங்களில் ஊருக்கு ஒரு சமுதாயக் கூடமாவது இருக்கும். தகரக்கூரை, சிமெண்ட் தரை, மூலையில் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், சுருட்டி வைத்த வைக்கோல் பாய்கள். அதை நடத்துபவர்கள் பெரும்பாலும் ஊர்ப் பெண்கள்தான். அவர்களோடு சில வாரம் தங்கி வேலை செய்ய விரும்பும் தமிழர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

அந்தக் கூடத்தில் யார் இருக்கிறார்கள், என்ன நடக்கிறது?

‘ஆமா சமூஹ’ என்ற தாய்மார் குழு. நேபாளியில் ஆமா என்றால் அம்மா. முதல் வாரம் யாரைக் கூப்பிட்டாலும் ஒப்புதல் சொல்வது போலவே இருக்கும். தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களைப் பார்த்தவர்களுக்கு இதன் பாதி புரிந்துவிடும்: மாதச் சேமிப்பு, உள்கடன், கூட்டம், தாமதமாக வந்தால் அபராதம். மீதிப் பாதி வேறு. பாதை செப்பனிடுவது, தண்ணீர்க் குழாயைக் கவனிப்பது, சாராயத் தகராறில் தலையிடுவது, பயணிகளுக்கு ஆடிப்பாடி நிதி திரட்டுவது எல்லாம் இவர்கள் வேலையே.

1988-இல் தொடங்கிய பெண் சமுதாய சுகாதாரத் தன்னார்வலர் திட்டத்தில் நாடு முழுக்க ஏறக்குறைய 50,000 பெண்கள் இருக்கிறார்கள். உங்கள் கூடத்திலும் ஒருவராவது இருப்பார். மாதச் சம்பளம் என்று எதுவும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இதைச் செய்பவர் அவர். ஆகவே ‘தன்னார்வலர் வந்திருக்கிறார்’ என்று உங்களை அறிமுகம் செய்யும்போது, அந்த அறையில் அந்தப் பெயருக்கு உங்களைவிட மூத்த உரிமைக்காரர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் போவது? எவ்வளவு நாள்?

தமிழர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நேபாளத்தின் விக்ரம சம்வத் நாட்காட்டியும் நம்முடையதைப் போல சூரிய நாட்காட்டிதான். மாதங்கள் ஏறக்குறைய ஒரே நாளில், ஒரு நாள் முன்பின்னாகப் பிறக்கின்றன. தைப்பொங்கலன்று அங்கே மாக் மாதப் பிறப்பு. ஆனால் பெயர்கள் ஒரு மாதம் தள்ளி நிற்கும். அவர்களுடைய வைசாக் நம் சித்திரை, கார்த்திக் நம் ஐப்பசி. “வைசாக் பத்தாம் தேதி கூட்டம்” என்று சொன்னால் வைகாசி என்று நினைத்து ஒரு மாதம் பிந்திப் போய் நிற்காதீர்கள். ஆண்டு எண் சித்திரையிலிருந்து நம் ஆங்கில ஆண்டைவிட 57 கூடுதல்: 2025 ஏப்ரல் நடுவில் பிறந்தது 2082.

அசார், அதாவது ஆனியில், நாற்று நடவு. கூடத்தில் ஒரு ஆள் இருக்காது. வயலில் இறங்கத் தயாரானால் மட்டும் போங்கள். அசார் 15 அன்று தயிரும் அவலும் கிடைக்கும், சேறும் கிடைக்கும். ஆவணியில் தீஜ், அதற்குப் பிறகு தசைன், திஹார் என்று பண்டிகைகள். பலர் பிறந்தகம் போய்விடுவார்கள். திஹார் முடிந்ததும் நெல் அறுப்பு. வகுப்புக்கும் தையலுக்கும் ஏற்றவை பூஸ், மாக், ஃபாகுன்: நம் மார்கழி, தை, மாசி. குளிர் கடிக்கும், ஆனால் வயலில் வேலை குறைவு, வானமும் தெளிவு.

நான்கு வாரத்துக்குக் குறைந்தால் அதற்குப் பெயர் விருந்து. முதல் வாரம் அவர்கள்தான் உங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தச் செலவை ஈடுகட்டவே இரண்டு வாரமாகும்.

தினமும் எத்தனை மணிக்கு வேலை?

அவர்களுடைய நாள் இருட்டோடு தொடங்குகிறது. தண்ணீர், மாடு, எருமை, புல். முதுகில் டோகோ என்ற மூங்கில் கூடை, அதன் பாரத்தைத் தாங்கும் பட்டை நெற்றியில். காலைச் சோறு ஒன்பது, பத்து மணிக்கு. பருப்பு, கீரை, ஊறுகாயோடு முழுச் சாப்பாடு. நம் ஊர் டிபன் கணக்கு அங்கே செல்லாது. அடுத்த சோறு இரவில்தான், இடையில் காஜா என்ற சிற்றுண்டி.

எனவே பெண்கள் ஓய்வாகக் கிடைப்பது சுமார் 12 முதல் 3 மணி வரை. காலை ஒன்பதுக்கு வகுப்பு வைத்துவிட்டு “யாருக்கும் அக்கறை இல்லை” என்று புகார் சொல்லும் தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். சனிக்கிழமை வார விடுமுறை; பிள்ளைகள் வீட்டில் இருப்பதால் அன்று அம்மாக்களுக்கு வேலை இரட்டிப்பு. கடிகாரம் இந்திய நேரத்துக்கு 15 நிமிடம் முன்னால் ஓடும்.

விசா வேண்டுமா? பணம்?

இந்தியக் குடிமக்களுக்கு விசா இல்லை. 1950-இல் கையெழுத்தான ஒப்பந்தம் அதற்கு அடிப்படை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை கையில் இருக்கட்டும், விமானத்தில் போகிறவர்கள் ஆதாரை மட்டும் நம்ப வேண்டாம். ரயிலில் கோரக்பூர் போய், அங்கிருந்து சுனௌலி எல்லையைக் கடந்தும் போகலாம். இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ஆண்டின் முதல் வருகைக்கு 30 நாள் விசா இலவசம். மற்ற நாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் 15, 30, 90 நாளுக்கு முறையே 30, 50, 125 டாலர் கட்டிச் சுற்றுலா விசா எடுக்க வேண்டும். அந்த விசாவில் சம்பளம் இல்லாத வேலைக்கும் அனுமதி கிடையாது. “எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள்” என்று ஒரு ஏற்பாட்டாளர் சொன்னால், மாட்டிக்கொள்ளப்போவது அவர் இல்லை. அழைக்கும் அமைப்பு முறைப்படி அனுமதி வாங்கியிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய். 1993 முதல் இதே நிலையான விகிதம், பேரம் பேச ஒன்றுமில்லை. 100 ரூபாயும் அதற்குக் கீழும் உள்ள இந்திய நோட்டுகளைக் கொண்டுபோவது எளிது. தங்கும் வீட்டுக்கு எவ்வளவு, குழுவுக்கு எவ்வளவு, நடுவில் இருப்பவருக்கு எவ்வளவு என்று தொகையைப் பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். பிரித்துச் சொல்ல மறுப்பவரிடம் பணம் கட்ட வேண்டாம். கூடவே அனாதை இல்லத்தையும் ‘திட்டத்தில்’ சேர்த்துத் தந்தால் உடனே விலகுங்கள். பெற்றோர் உயிரோடு இருக்கும் குழந்தைகளை வருகையாளர்களைக் காட்டிப் பணம் பார்ப்பதற்காகவே அப்படிப்பட்ட இல்லங்களில் வைத்திருந்தது அங்கே பலமுறை வெளிவந்திருக்கிறது.

ஊரில் முதலில் யாரைப் பார்ப்பது?

குழுத் தலைவி, பிறகு வார்டு அலுவலகம். ஒவ்வொரு வார்டுக் குழுவிலும் இரண்டு பெண்கள் இருக்க வேண்டும், அதில் ஒருவர் தலித் பெண் என்பது சட்டம். அவர்கள் இருவரையும் பார்த்துவிடுங்கள். ‘தலித் டோல்’ எனப்படும் குடியிருப்பிலிருந்து பெண்கள் கூடத்துக்கு வருகிறார்களா, வந்தால் எங்கே உட்காருகிறார்கள், தேநீர் எதில் தரப்படுகிறது என்பதை முதல் கூட்டத்திலேயே கவனிக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்கு அதைப் பார்க்கத் தனிக் கண் தேவையில்லை.

மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

இந்தி தெரிந்தால் பேச்சில் பாதி பிடிபடும். ஆனால் குருங், மகர் இனத்தாரின் வீடுகளில் பாட்டிமார்களுக்கு நேபாளியே இரண்டாம் மொழி. வயதில் மூத்தவர் தீதி, இளையவர் பஹினி, அம்மா வயதுக்காரர் ஆமா. அண்ணி முறைக்கு பௌஜு. ‘நீங்கள்’ என்பதற்கு தபாய். சிறுவர்களைக் கூப்பிடும் திமி என்ற சொல் உங்கள் வாயிலிருந்து பெரியவர்களிடம் வரக் கூடாது. “பிஸ்தாரை பன்னுஸ்” என்றால் மெதுவாகச் சொல்லுங்கள். போலி என்றால் நாளை; நேபாள நாளைகளுக்கு அந்தத் தமிழ்ப் பொருளும் சில சமயம் பொருந்தும்.

ஒரு சொல்லில் மட்டும் எச்சரிக்கை: ஹுந்ச. ‘சரி’ என்று அகராதி சொல்லும். விருந்தாளியின் முகத்தை முறிக்காமல் இருப்பதற்கும் அதே சொல்தான். “நாளையிலிருந்து தினமும் தையல் வகுப்பு வைக்கலாமா?” என்றால் அறை முழுக்க ஹுந்ச கேட்கும், மறுநாள் மூன்று பேர் வருவார்கள். “எந்தெந்த நாள், எத்தனை மணி?” என்று கேளுங்கள். அப்போது அவர்களுக்குள் வாக்குவாதம் தொடங்கும். அந்த வாக்குவாதத்தின் முடிவுதான் உங்கள் கால அட்டவணை.

தையல் மிஷின் இருக்கிறது, ஓடவில்லை என்கிறார்கள். என்ன பார்ப்பது?

பெரும்பாலும் காலால் மிதிக்கும் கறுப்பு மிஷின். ‘ரிப்பேர்’ என்று மூலையில் கிடப்பதில் பல, கீழ்க்கண்ட ஏதோ ஒன்றால் நின்றவை.

ஊசி திருப்பி மாட்டப்பட்டிருக்கும். ஊசித்தண்டின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அது எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பது மிஷினுக்கு மிஷின் மாறும், ஓடும் இன்னொரு மிஷினைப் பார்த்து மாட்டுங்கள். தோல் பெல்ட் தளர்ந்து சக்கரத்தில் வழுக்கும். ஒரு சென்டிமீட்டர் வெட்டி, புதுத் துளை போட்டு, கொக்கியை மாட்டினால் போதும். அதிகமாக வெட்டினால் மிதி கனத்துப்போகும். துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் பஞ்சு சேர்ந்து துணி நகராது: தகட்டைக் கழற்றிப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். மழைக்காலம் முழுக்க ஓடாமல் இருந்தால் துருவும் காய்ந்த எண்ணெயும் சேர்ந்து இறுகியிருக்கும். தையல் மிஷின் எண்ணெய் ஒவ்வொரு துளையிலும் இரண்டு சொட்டு விட்டு, ஒரு இரவு வைத்து, மறுநாள் நூல் இல்லாமல் ஓட்டுங்கள். சமையல் எண்ணெய் விட்டால் பிசினாகிவிடும். பாதி மிஷின்கள் கெட்டதே அதனால்தான்.

புதிதாக மிதிக்கிறவருக்கு வரும் தொல்லை வேறு. சக்கரம் எதிர்த்திசையில் ஒரு சுற்று போனாலே நூல் அறுந்து சிக்கும். முதல் இரண்டு நாள் நூலே கோக்காமல், கைச்சக்கரத்தைத் தன் பக்கமாகச் சுழற்றிவிட்டு மிதிக்க மட்டும் பழகட்டும். அப்புறம் கோடு போட்ட நோட்டுத் தாளில், நூலில்லா ஊசியால் கோட்டின் மேலேயே ஓட்டம்.

துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கின் தைக்கலாம் என்று இருக்கிறோம். அளவு, துணி?

ஃபிளானல் பருத்தித் துணி. வெட்டுவதற்கு முன் வெந்நீரில் அலசிக் காயவைக்க வேண்டும். இதைத் தாண்டிக் குதித்தவர்களின் நாப்கின் முதல் துவையலிலேயே சுருங்கி முறுக்கிக்கொள்ளும். கணக்கு இப்படி: 110 செ.மீ. அகலத் துணியில் 25 செ.மீ. சதுரங்கள் வேண்டும். ஒரு மீட்டர் வாங்கினால் குறுக்கே நான்கு, நீளத்தில் நான்கு, 16 சதுரம் வரும் என்று தாளில் தெரியும். அலசியபின் மீட்டர் 95 செ.மீ. ஆகிவிட்டால் நான்காவது வரிசை கிடையாது, 12-தான். அதனால் 1 மீட்டர் 10 செ.மீ. வாங்குங்கள். இரண்டு சதுரங்களைச் சேர்த்து ஓரத்தில் ஒரு செ.மீ. விட்டுத் தைத்துப் புரட்டினால் 23 செ.மீ. கைக்குட்டை போல ஒன்று. மூன்றாக மடித்தால் ஏறக்குறைய 8-க்கு 23. இதுதான் உறிஞ்சும் பகுதி. 16 சதுரத்துக்கு 8 வரும்.

அடியில் வைக்கும் இறக்கைத் துண்டில் ஈரம் கசியாத பூச்சுத் துணி ஒரு அடுக்கு. அதில் குண்டூசி குத்தக் கூடாது, குத்திய துளை கசியும். துணி கிளிப் போட்டுப் பிடியுங்கள். ஊசி மெல்லியது, 11 நம்பர். தையல் நீளம் 3 மி.மீ.; நெருக்கித் தைத்தால் தபால்தலை போலக் கிழியும். நடுவில் குறுக்காகத் தையல் ஓடவே கூடாது. இந்தப் பூச்சுத் துணி மலைக் கிராமக் கடையில் கிடைக்காது. நீங்கள் ஒரு பை நிறையக் கொண்டுபோய்த் தைத்து முடித்துவிட்டுத் திரும்பினால் வேலை அதோடு நின்றுவிடும். குழு தானே வாங்கிக்கொள்ள வழி தெரிந்த பிறகு தொடங்குங்கள், இல்லாவிட்டால் பருத்தி அடுக்குகளைக் கூட்டித் தைப்பதே மேல். மேசை விரிப்புப் பிளாஸ்டிக்கை வெட்டிச் சேர்க்கும் யோசனை எல்லாக் கூடத்திலும் யாருக்காவது தோன்றும். சில துவையலில் வெடித்துவிடும்.

துவைப்பது: முதலில் குளிர்ந்த நீர், பிறகு சோப்பு. வெந்நீர் கறையைத் துணியில் பிடித்து வைத்துவிடும். காயவைப்பதில்தான் உண்மையான சிக்கல். வெட்கத்தில் இதை வேறு துணிக்கு அடியில் போட்டுக் காயவைப்பார்கள். மழைக்காலத்தில் அது காயவே காயாது, வாடையும் அரிப்பும் வரும். அதனால்தான் கைக்குட்டை வடிவமும் பூப்போட்ட துணியும். கொடியில் தொங்கினால் யாருக்கும் என்னவென்று தெரியாத ஒன்றைத்தான் பெண்கள் வெயிலில் போடுவார்கள்.

மாதவிலக்குக் கட்டுப்பாடுகளைப் பற்றி நாங்கள் பேசலாமா?

‘வீட்டுக்குத் தூரம்’ என்ற சொல்லோடு வளர்ந்தவர்களுக்கு அங்கே பார்ப்பது புதிதாக இருக்காது: அடுக்களை, பூஜை அறை, சில வீட்டில் தண்ணீர்க் குழாய். பெண்ணைக் கொட்டகையில் தங்கவைக்கும் சௌபடி வழக்கம் முக்கியமாக நாட்டின் மேற்குக் கோடியில். உச்ச நீதிமன்றம் 2005-இல் அதைத் தடை செய்தது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி கட்டாயப்படுத்துபவருக்கு மூன்று மாதம் வரை சிறை, 3,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

பேசலாம், ஆனால் தொடங்கிவைப்பது சுகாதாரத் தன்னார்வலராக இருக்கட்டும். உங்களுக்கு அந்தச் சில நாளில் தங்கும் வீட்டில் என்ன விதி என்பதை முதல் நாளே தீதியிடம் தனியாகக் கேட்டுவிடுங்கள். மறைத்துவிட்டுப் பிறகு தெரியவந்தால், வீட்டில் பேச்சு கேட்பது உங்களைத் தங்கவைத்த மருமகள்தான்.

எழுத்து வகுப்பு எடுக்க நான் தேவநாகரி கற்றுக்கொள்ள வேண்டுமா?

வேண்டும், குறைந்தபட்சம் எண்களும் அவர்கள் பெயர்களும். முதல் பாடம் அவரவர் கையெழுத்து. கைநாட்டு வைக்கும் பெண்ணுக்கு வங்கிக் கவுண்டரில் அது உடனே பயன்படும். இரண்டாவது, எண்கள். மூன்றாவது, கைப்பேசியில் கணவர் எண்ணைத் தானே தேடி அழைப்பது. பல வீடுகளில் ஆண்கள் வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருக்கிறார்கள்.

நாற்பது வயதைக் கடந்த ஒருவர் “எனக்கு மண்டையில் ஏறாது” என்று பின்னால் போய் உட்கார்ந்தால், கையில் ஊசியும் நூலும் கொடுத்துப் பாருங்கள். ஊசியைக் கை எட்டும் தூரத்துக்கு நீட்டி, முகத்தைப் பின்னால் சாய்த்தால் அது மண்டை விஷயம் இல்லை, வெள்ளெழுத்து. +1.5, +2, +2.5 பவரில் ஆயத்தக் கண்ணாடிகள் சில வாங்கிப் போங்கள். கூடத்திலேயே ஒரு டப்பாவில் கிடக்கட்டும். கண் சிவப்பு, பனி மூட்டம், ஒரு கண்ணில் மட்டும் மங்கல் என்றால் கண்ணாடி தராமல் கண் முகாமுக்கு அனுப்ப வேண்டும்.

சேமிப்புக் கணக்கைக் கணினியில் ஏற்றித் தரட்டுமா?

வேண்டாம். 24 பெண்கள், ஆளுக்கு 200 ரூபாய், மாதம் 4,800. யாரோ 20,000 கடன் எடுத்திருக்கிறார், மாதம் நூற்றுக்கு ஒன்று என்றால் வட்டி 200. இதற்குச் சிவப்பு அட்டை நோட்டே போதும். நீங்கள் கணினியில் ஏற்றினால், அடுத்த மாதம் நோட்டில் ஒன்றும் கோப்பில் ஒன்றும் இருக்கும், இரண்டையும் ஒப்பிட ஆள் இருக்காது.

உண்மையான ஓட்டை வேறு இடத்தில்: கணக்கு எழுதத் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவர் பிரசவத்துக்கோ தீஜுக்கோ ‘மைதி’ எனும் பிறந்தகம் போனால் கடன் வரவு துண்டுச் சீட்டில் எழுதப்படும், சீட்டு தொலையும், சண்டை வரும். இரண்டாவது ஒருவருக்கு எழுதக் கற்றுக்கொடுங்கள். கூட்டத்தில் கணக்கை வாசிப்பவர் ஒருவர், பணத்தை எண்ணுபவர் வேறொருவர் என்று பிரியட்டும். இரண்டு தொகையும் சேர்ந்த பிறகே பெட்டி பூட்டப்படட்டும். பெட்டிச் சாவி ஒரு நாள்கூட உங்களிடம் இருக்கக் கூடாது, அவர்களே வற்புறுத்தினாலும்.

ஆண்கள் வரலாமா?

வரலாம். மின்சாரம், கூரை, தண்ணீர்த் தொட்டி, கைப்பேசிப் பணப் பரிமாற்றம் என்று வேலை நிறைய. நாப்கின் தையல், உடல்நலப் பேச்சு நேரத்தில் வெளியே இருங்கள். இ-சேவா, கல்தி என்ற பணப் பரிமாற்றச் செயலிகளைச் சொல்லிக்கொடுக்கும்போது கைப்பேசி எப்போதும் அந்தப் பெண்ணின் கையிலேயே இருக்கட்டும், ரகசிய எண்ணை அடிக்கையில் நீங்கள் முகத்தைத் திருப்புங்கள்.

ஒரு பெண் வீட்டில் அடி விழுவதாகச் சொன்னால்?

கேளுங்கள், வேறு யாரிடமும் சொல்லாதீர்கள், வீட்டுக்குப் போய்ப் பஞ்சாயத்து பேசாதீர்கள். தேசிய மகளிர் ஆணையத்தின் உதவி எண் 1145, காவல்துறை 100, குழந்தைகளுக்கு 1098. எண்களைத் தனித் தாளில் எழுதிக் கொடுத்தால் அதுவே அவருக்கு ஆபத்தாகலாம். கூடத்தின் சுவரில் மற்ற அறிவிப்புகளோடு பெரிதாக ஒட்டிவிடுங்கள், எல்லாருக்கும் பொதுவாக.

வைட்டமின் ஏ முகாம் நாளில் உதவலாமா?

வைசாக், கார்த்திக் மாதங்களில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சொட்டு தரப்படும். வரிசை, பதிவேடு, கைகழுவத் தண்ணீர், இவ்வளவுதான் உங்கள் வேலை. சொட்டு அடைத்த குளிகையைக் கத்தரிப்பதும் வாயில் விடுவதும் சுகாதாரத் தன்னார்வலர் வேலை.

சாப்பாட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

எச்சில் என்பதற்கு ஜுட்டோ என்று பெயர். விதிகள் நம் பாட்டி வீட்டு விதிகளேதான். செம்பை அண்ணாந்து குடிக்கத் தெரிந்தவருக்கு முதல் நாளிலேயே மரியாதை கிடைக்கும். அழைக்காமல் அடுப்பங்கரைக்குள் போகக் கூடாது. தட்டில் இடம் இருந்தால் சோறு விழுந்துகொண்டே இருக்கும், கையால் தட்டை மூடி “புக்யோ” என்று சொல்லுங்கள்.

தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள்: கொப்பளித்தபின் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேலுள்ள ஊரில் மூன்று நிமிடம். விறகு எரிப்பது அவர்கள் என்பதால், சொந்தமாகக் குளோரின் சொட்டு கொண்டுபோவது நாகரிகம். டைபாய்டு, மஞ்சள் காமாலை ஏ வகைத் தடுப்பூசிகளைப் பற்றிப் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். மழைக்காலத்தில் அட்டைகளுக்கு உப்பு.

பரிசு, புகைப்படம்?

பழைய துணி மூட்டை வேண்டவே வேண்டாம். மிஷின் ஊசி 11, 14, 16 நம்பர்களில், பாபின், நல்ல கத்தரிக்கோல் இரண்டு: இவை குழுவுக்கு, தலைவி கையில், பதிவேட்டில் எழுதி. படம் எடுக்கும் முன் கேளுங்கள். எடுத்ததை அச்சுப் போட்டுக் கொடுங்கள். பாட்டிமார் கேட்பது அதைத்தான்.

கிளம்பும்போது என்ன செய்வது?

கடைசி வாரத்தில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். நாப்கின் அச்சுகளைக் கெட்டி அட்டையில் வெட்டி வைத்தால் ஒரே மழைக்காலத்தில் ஊறிப் பெருத்து அளவு மாறிவிடும். பழைய எக்ஸ்ரே படத்தில் வெட்டி, துளையிட்டு, ஆணியில் மாட்டுங்கள். நீங்கள் இல்லாமல் ஒரு முழுச் சுற்று, துணி வாங்குவது முதல் கொடியில் போடுவது வரை, அவர்களே செய்யட்டும். நீங்கள் அன்று தேநீர் போடுங்கள்.

வழியனுப்பு விழா எப்படியும் நடக்கும். மாலை, நெற்றி நிறையச் சிவப்பு டிகா, வரிசையாக உரைகள், பிறகு மாதல் என்ற மத்தளத்தின் தாளத்துக்கு ஆட்டம். ஆட மறுக்க முடியாது. டிகாச் சிவப்பு துணியில் ஏறினால் போகாது, நல்ல சேலையை எடுத்து வையுங்கள். தங்கிய வீட்டுக் கணக்கை அதற்கு முந்தைய நாளே தீர்த்துவிடுங்கள். மலையூர் பஸ் விடியலில் கிளம்பிவிடும், அந்த நேரத்தில் தீதி புல்லுக்குப் போயிருப்பார்.